மேலவிளை வெள்ளம்

எங்கள் ஊரில் குடிக்கக் கேட்டாலும் வெள்ளம்,
வீட்டைக் கொண்டுபோனாலும் வெள்ளம்.
இரண்டுக்கும் ஒரே சொல்.
கருங்கல் ஸ்டேஷனில் நான் கொடுத்த மனுவை
விழுப்புரத்துக்காரரான எஸ்.ஐ. இருமுறை வாசித்தார்.
‘அண்டைவீட்டார் தினமும் வெள்ளம் விடுகிறார்.’
“எத்தனை பேரம்மா அடிச்சிட்டுப் போனாங்க?”

தாசையன் வீடு மேலே.
என் வீடு கீழே.
நடுவே இடுப்பளவு கையாலை.
ரப்பரை முறித்து, ஜேசிபி விட்டு நிரத்தி,
மகன் குவைத்திலிருந்து அனுப்பிய பணத்தில்
முற்றம் முழுக்க இன்டர்லாக் பதித்தார்.
முன்பெல்லாம் மண் குடித்தது போக மிச்சம் வரும்.
இப்போது எல்லாமே மிச்சம்.

இடவப்பாதியின் முதல் மழைக்கே
கையாலை மூன்று இடத்தில் வாய் திறந்தது.
கோழிக்கூடு, அடுக்களைப் படி,
தையல் மெஷினின் கால்மிதி வரை செங்குழம்பு.
ஓர் இளநீல ஜாக்கெட் துணி,
கல்யாண வீட்டாருடையது, அதில் முங்கிப்போனது.

“மேலேயிருந்து தாழ வரியது வெள்ளத்துக்க குணம்.
அதுக்கு நான் என்ன செய்ய?” என்றார்.
“குணம் வெள்ளத்துக்கு.
குழாய் உமக்குள்ளதுதானே?” என்றேன்.
நாலு இஞ்சுக் குழாய்.
கையாலையைத் துளைத்து
என் பக்கம் மூக்கை நீட்டியிருந்தது.

மழையில்லாத நாளிலும் அது பேசும்.
சனிக்கிழமை, கார் கழுவிய நுரை.
விடியுமுன் அரிசி களைந்த வெண்மை.
அங்கே பேரப்பிள்ளை வந்திருப்பதை
எனக்கு முதலில் சொன்னது அந்தக் குழாய்தான்:
உருக்கெண்ணெயும் பயற்றுமாவும் மணத்தது.
பிறகு ஒரு வாரம் டெட்டால் வாடை.
யாருக்கு, என்ன?
கேட்க நாக்கு எழுந்தது.
மனு கொடுத்த வாயால் எப்படிக் கேட்க?

சர்வேயர் வந்தார்.
இரண்டு வீட்டிலும் தேயிலை வேண்டாமென்றார்.
சங்கிலி இழுத்தார், படத்தை விரித்தார்.
நீல மையில் ஒரு கோடு. ஓடை.
அது தாசையன் முற்றத்தைத் தொடவே இல்லை.
கையாலையை உரசி வந்து
என் தையலறையின் தென்மூலையில் நுழைந்து
வடமூலையில் வெளியேறியது.

அந்த அறைக்காக எட்டு லோடு செம்மண் இறக்கியபோது
நான்தான் நின்று எண்ணினேன்.
பதினொரு வருஷமாய்
என் கட்டிங் மேசைக்கு அடியில்
ஓர் ஓடை ஓடாமல் கிடந்திருக்கிறது.

தாசையன் சிரிப்பார் என்று பார்த்தேன்.
அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவருடைய கையாலை
என் நிலத்துக்குள் ஒரு முழம்.

துலாமழை ராத்திரி. கரண்டு இல்லை.
மேலே ஒரு டார்ச், மம்பட்டிச் சத்தம்;
சாக்கில் மண் கட்டிக் குழாயின் வாயை அடைக்கிறார்.
கீழே நான், அறைச்சுவரை ஒட்டிச் சால் கீறுகிறேன்.
“வலத்தோட்டு வெட்டு பிள்ளே, இடத்த வேரு கெடக்கு.”
ஐந்து மாதத்தில் முதல் பேச்சு.
இடப்பக்கமே வெட்டினேன்.
வேர்தான்.
பிறகு வலப்பக்கம் வெட்டினேன்.

விடியும்போது அடுக்களை நனையாமல் கிடந்தது.
சுவரோரம் சிவப்பாய், சுழித்து,
எங்கோ அவசர வேலை இருப்பதுபோல் போனது வெள்ளம்.

ஆறரை மணிக்கு மரியதங்கம் ஏறி வந்தாள்.
எனக்குத் தாழத்த வீடு.
முட்டுவரை சேறு, இடுப்பில் கை.
“உனக்க வெள்ளம் எனக்க மரச்சீனி மூட்டுல
கெட்டிக் கெடக்கு, தெரியுமா?”

மேலேயிருந்து தாழ வரியது என்று
தொடங்கிய வாயை மூடிக்கொண்டேன்.
“தேயிலை குடிக்கியா?” என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை.
போகவும் இல்லை.

மேலே தாசையன் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.
சற்று நேரத்தில் நுரை வந்தது.
எங்கள் இருவர் காலருகே திரும்பி
அவள் விளையைப் பார்த்து இறங்கியது.